அண்ணியின் படகில் டீசல் அடுப்பு

அணைக்கு நடுவில் படகில் டீ விற்கப்போவதாக என் அண்ணி சொன்னபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எனக்கு எதற்கும் முதலில் கோபம்தான் வரும். நல்ல செய்தியாக இருந்தாலும் அதைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும்.

காரணம் இருக்கிறது. ஓசூரில் இரும்புச் சாமான்களைச் சூடாக்கிப் பதப்படுத்தும் ஒரு கம்பெனியில் இருபது வருடமாக ஃபிட்டர் வேலை பார்க்கிறேன். எண்ணெயில் எரியும் உலைகள் என் பொறுப்பு. ஐ.டி.ஐ. முடித்துச் சேர்ந்தபோது அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். இன்றும் நான் ஒருத்திதான். உலைக்குப் பக்கத்தில் ஆட்கள் என்னென்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். வால்வை மூடாமல் சாப்பிடப் போவார்கள். எண்ணெய் சொட்டினால் கீழே ஒரு டப்பாவை வைப்பார்கள், அந்த டப்பா நிரம்பி வழியும்வரை அதை மறந்துவிடுவார்கள். எண்ணெயில் பிடித்த தீயின் மேல் தண்ணீரை ஊற்றுவார்கள். இதையெல்லாம் கத்திக் கத்தியே தொண்டை கெட்டவள் நான். சொந்த அண்ணியே ஃபைபர் படகில் அடுப்பு வைக்கிறேன் என்றால் கோபம் வராமல் வேறென்ன வரும்?

"பிளாஸ்டிக் தொட்டிக்குள்ள நெருப்பு வெக்கிறேன்னு சொல்றீங்க," என்றேன் போனில்.

"அதுக்குத்தான் உனக்குப் போன் பண்றேன்," என்றார் அண்ணி. "நெருப்பப் பத்தித் தெரிஞ்சவங்க எனக்கு வேற யாரு இருக்காங்க?"

இப்படிப் பேசினால் நான் என்ன செய்ய முடியும்?

என் அண்ணன் கிருஷ்ணகிரி அணையில் மீன் பிடிக்கிறவர். சாயங்காலம் வலை விட்டு, விடியற்காலையில் பரிசலில் போய்த் தூக்குவார்கள். ஒரே நேரத்தில் முப்பது பரிசலாவது தண்ணீரில் இருக்கும். மார்கழியில் அணைமேல் பனி உட்கார்ந்துவிடும், பக்கத்துப் பரிசல் தெரியாது, இருமல் சத்தத்தை வைத்துத்தான் யார் எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பார்கள். கரைக்கு வந்து, மீனை எடை போட்டு முடித்து ஒரு டீ குடிக்க ஒன்பது மணி ஆகிவிடும்.

அண்ணி போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனிக் கேன்டீனில் பன்னிரண்டு வருடம் சமையல் செய்தார். கான்ட்ராக்ட் கை மாறியது. புதிதாக எடுத்தவர், ஐம்பது தாண்டிய பெண்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு கிடைத்தது மாம்பழக்கூழ் கம்பெனி வேலை. பழம் வருகிற மூன்று மாதம் நின்றுகொண்டே தோல் சீவலாம். மீதி ஒன்பது மாதம் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். பெரிய அண்டாவில் சாம்பார் கிண்டிப் பழகின ஆள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? அண்ணனோடு சண்டைதான் ஆகும். அண்ணனும் அதையே சொன்னார். பாதி ஆசையாலும் பாதி பயத்தாலும், முன்பு சுற்றுலாப் படகாக ஓடி ஓய்ந்துபோன ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கி, ஓட்டையை அடைத்து, மேலே தார்ப்பாய்க் கூரை போட்டுக் கொடுத்துவிட்டார். எல்லாம் முடிந்தபிறகுதான் எனக்குப் போன் வந்தது. எங்கள் வீட்டில் எப்போதும் இப்படித்தான்.

ஒரு தடை இருந்தது. மீனவர் சங்கத் தலைவர். அறுபது வயதுக்காரர், வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். சில வருடங்களுக்கு முன்னால் அணைக்கு நடுவில் ஒரு படகில் பம்ப் ஸ்டவ் வெடித்துப் படகு எரிந்து போயிற்று. உள்ளே இருந்தவர்கள் குதித்து நீந்தித் தப்பினார்கள். அன்றிலிருந்து தண்ணீரின் மேல் அடுப்புக் கூடாது, கேஸ் சிலிண்டர் கூடவே கூடாது என்பது சங்கத்தின் சட்டம். அண்ணி நாலு தடவை போய்க் கேட்டிருக்கிறார். கடைசியில் அவர் இறங்கி வந்து சொன்னது இது:

"நான் வந்து உக்காந்து பாக்கறேன். ஒரே ஒரு தரம். மனசுக்கு ஒப்புச்சுன்னா சரி. ஒப்பலன்னா படகைக் கரையில கவுத்துப்போட்டு அதுக்குள்ள கோழி வளத்துக்கோ."

ஆகவே அந்த ஒரு தரத்தில் அடுப்பு ஒழுங்காக எரியவேண்டும். எரிந்தால் அண்ணிக்குப் பிழைப்பு. இல்லையென்றால் கோழி.

சிலிண்டர் இல்லை. மண்ணெண்ணெய் ரேஷனில் கிடைப்பதே அரிதாகிவிட்டது. விறகை ஃபைபர் படகில் யோசிக்கவே முடியாது. மிச்சம் டீசல். டீசலை எனக்குப் பிடிக்கும். பெட்ரோல் மாதிரி நினைத்தவுடன் பாயாது. அதற்கென்று ஒரு பொறுமை உண்டு. அதன் பொறுமையைச் சோதிக்கிற ஆட்களைத்தான் எனக்குப் பிடிக்காது.

நான் செய்யத் தீர்மானித்த அடுப்பு எளிமையானது. கனமான இரும்புக் குழாயை வெட்டி அடியை மூடினால் ஒரு குடுவை. பக்கத்தில் வரிசை வரிசையாகத் துளைகள். அடியில் டீசல் சொட்டுச் சொட்டாக வரும், சூட்டில் ஆவியாகும், துளைகளில் நுழையும் காற்றோடு சேர்ந்து எரியும். பம்ப் கிடையாது, கரண்ட் கிடையாது. எவ்வளவு எண்ணெய் வரவேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்ள ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் ஒரு மிதவை. கக்கூஸ் தொட்டியில் தண்ணீர் நிரம்பினதும் தானாக நிற்கிறதே, அதே வித்தைதான். பின்னால் புகைக்குழாய்.

ஓசூரில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்தேன். பட்டறைக்காரர் என் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஊட்டுக்காரரு வரலீங்களா மேடம்? அளவ அவரு ஒரு தரம் சொல்லிட்டா நல்லாருக்கும்," என்றார்.

"அவருக்குக் கேஸ் அடுப்பே பத்தவெக்கத் தெரியாது. துளைய மூணு மில்லில போடுங்க. நாலுல போட்டீங்கன்னா திருப்பிக் கொண்டாந்து உங்க மேசமேல வெப்பேன்."

மூன்று மில்லியில்தான் போட்டிருந்தார். நல்ல வேலைக்காரர். வாய்தான் சரியில்லை. அவரும் என்னைப் பற்றி அப்படித்தான் சொல்லியிருப்பார்.

அடுப்பைப் பழைய புடவையில் சுற்றி, வார விடுமுறையில் கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் காலால் தட்டிப் பார்த்து இது என்ன என்றார். அடுப்பு என்றேன். அடுப்புக்கு எதற்குக் குழாய் என்று கேட்டார். மனிதனுக்கு எதற்கு மூக்கு என்று கேட்டேன். லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிட்டுப் போனார். சூளகிரி தாண்டுவதற்குள் பஸ்ஸே அந்த அடுப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டது. பாகலூரில் பூச்சாகுபடிக் கூடாரத்தில் வேலை செய்யும் ஓர் அம்மாள், அங்கேயும் குளிருக்கு இப்படி ஒன்று வைக்க முடியுமா என்று கன்னடத்தில் விசாரித்தார். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில், மூடின இடத்தில் புகைக்குழாய் இல்லாமல் வைத்தால் குளிரோடு நீங்களும் போய்விடுவீர்கள் என்று சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

பொருத்துகிற வேலையை ஒரே நாளில் முடித்தேன். அடுப்புக்கு அடியில் நெருப்புத் தாங்கும் பலகை, அதன்மேல் தகடு, தகட்டுக்கும் அடுப்புக்கும் நடுவில் காற்றுப் போக இடைவெளி. புகைக்குழாய் தார்ப்பாயைத் துளைத்துப் போகிற இடத்தில் ஒரு அகலமான இரும்பு வளையம், தார்ப்பாய் குழாயைத் தொடக்கூடாது. குழாயின் தலையில் காற்று உள்ளே இறங்காதபடி ஒரு தொப்பி. எண்ணெய்த் தொட்டி அடுப்பை விட்டுத் தள்ளி, கொஞ்சம் மேலே, இரண்டு பட்டைகளால் இறுக்கி.

அண்ணன் உதவிக்கு வந்தார். உதவி என்றால், நான் செம்புக் குழாயை வளைத்துக்கொண்டிருக்கும்போது, வீட்டில் மீன் தொட்டிக்கு வாங்கின பிளாஸ்டிக் ட்யூப் சும்மா கிடக்கிறதே, அதைப் போட்டால் என்ன என்று கேட்டார். எதற்கு இரண்டு வால்வு, ஒன்று போதாதா என்றும் கேட்டார். ஒன்று தொட்டிக்கு அடியில். இன்னொன்று அண்ணியின் இடதுகைப் பக்கம். தீயைத் தாண்டிக் கையை நீட்டி மூடவேண்டிய இடத்தில் இருந்தால் அது வால்வே இல்லை, அலங்காரம். இதை நான் மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

அண்ணி வேறு மாதிரி. எல்லாவற்றையும் ஒரு தடவைதான் கேட்பார். எரியும்போது தொட்டியில் எண்ணெய் ஊற்றக் கூடாது என்றேன். பெட்ரோல் கிட்டேயே வரக் கூடாது. மணல் வாளியும் தீயணைக்கும் பவுடர் சிலிண்டரும் படகின் முன்பக்கம், அடுப்புக்குப் பக்கத்தில் இல்லை, ஏனென்றால் தீப்பிடித்தால் அங்கே போக முடியாது. குளிருகிறது என்று நாலு பக்கமும் தார்ப்பாயை இறக்கிவிடக் கூடாது. புகை உள்ளேயே தேங்கினால் தலைவலி மாதிரி ஆரம்பிக்கும், தூக்கம் மாதிரி முடியும். அண்ணி தலையாட்டினார். கேன்டீனில் இருந்தவர், நெருப்பு தெரிந்தவர்.

பிறகு அடுப்பின் மேல் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை வைத்தேன். படகு கரையோரத் தண்ணீரில் நின்றது. குமிழி நட்ட நடுவில் நின்றது. நாலு போல்ட்டையும் இறுக்கினேன். இருபது வருட வேலை சும்மாவா என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

ஒத்திகைக்காக ஆழத்துக்குப் போனோம். பஞ்சை டீசலில் நனைத்துப் பற்றவைத்துக் குடுவைக்குள் போட்டேன். பத்து நிமிடத்தில் நீலமும் வெள்ளையுமாக ஒரு அழகான தீ நின்றது. அண்ணி அதைப் பார்த்துக் கையைத் தட்டினார். பிறகு தன் இடத்தில், அடுப்புக்கு இந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். தீ மஞ்சளாயிற்று. புகைக்குழாய் கறுப்பாகக் கக்கியது. குடுவையின் ஒரு பக்கம் மட்டும் சிவந்தது. அண்ணி என்னவென்று பார்க்க எழுந்தார். தீ சரியாயிற்று. உட்கார்ந்தார். மஞ்சள்.

எனக்குப் புரிந்தது. புரிந்ததும் என்மேலேயே கோபம் வந்தது. கம்பெனியில் தரை அசையாது. சிமெண்டில் போட்ட உலையை ஒரு தடவை மட்டம் பார்த்தால் போதும், அது நான் ஓய்வு பெறும்வரை அப்படியே இருக்கும். அந்தப் பழக்கத்தில் காலிப் படகுக்கு மட்டம் பார்த்துவிட்டேன். படகு சாய்ந்தால் மிதவை சாயும், மிதவை சாய்ந்தால் எண்ணெய் அதிகமாக இறங்கும். முதல் வருடப் பையனுக்குத் தெரியும் இது.

"அண்ணி, உங்க எடை எவ்வளவு?"

அண்ணன் துடுப்பின் நுனியை ஆராய ஆரம்பித்தார்.

"என்னாத்துக்கு?"

"படகு சாயுது. கணக்குப் போடணும்."

"நான் உக்காந்தாத்தான் சாயுதுன்னு நேராச் சொல்லேன்."

"நேராத்தான் சொல்றேன்."

"முப்பது வருசமா கட்டிக்கினு இருக்கறவருக்கே நான் சொன்னதில்ல."

"நான் கேட்டதுமில்ல," என்றார் அண்ணன் தண்ணீரைப் பார்த்து. "கேட்டுட்டு எங்க போறது? சுத்தியும் தண்ணி."

அண்ணி சிரித்த சிரிப்பில் படகு இன்னும் ஆடியது, தீ இன்னும் மஞ்சளாயிற்று. நான் வால்வை மூடினேன். அண்ணி எடையைக் கடைசிவரை சொல்லவில்லை. வேண்டாம் என்று விட்டுவிட்டு வேறு வழி செய்தேன். குடுவை ஆறினதும், அண்ணியை அவர் இடத்திலும் அண்ணனைத் துடுப்பிலும் உட்காரவைத்து, பால் கேனையும் தண்ணீர்க் குடங்களையும் வியாபாரத்தில் எங்கே இருக்குமோ அங்கேயே வைத்து, எதிர்ப்பக்கம் இரண்டு தண்ணீர்க் கேன்களைக் கட்டி, அதன்பிறகு போல்ட்டைத் தளர்த்திக் காலுக்கடியில் தகடு செருகி மட்டம் பிடித்தேன். கூரையிலிருந்து ஒரு பெரிய நட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, அதற்குக் கீழே பெயின்டில் ஒரு வட்டம் வரைந்தேன். நட்டு வட்டத்துக்கு வெளியே போய் நின்றால் யாரையும் கேட்காமல் வால்வை மூடிவிடுங்கள் என்றேன். அடுத்த வாரம் நான் போனபோது அந்த நட்டுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தது.

தலைவர் வருகிற நாள் வந்தது. நான் முந்தின நாளே போய்விட்டேன். காலை ஆறு மணிக்குத் தலைவர் காதுக்குப் பின்னால் ஒரு பீடியைச் செருகிக்கொண்டு படகில் ஏறி, முன்பக்கம் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். குழாயைத் தடவினார். இரண்டு வால்வையும் மூடித் திறந்து பார்த்தார். ஆழத்துக்குப் போய்த் தீ மூட்டினேன். நீலமும் வெள்ளையும். நட்டு வட்டத்துக்குள் நின்றது. எனக்கு உள்ளுக்குள் திருவிழா மாதிரி இருந்தது, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன்.

அப்போது அண்ணி பையிலிருந்து ஒரு பித்தளைச் சொம்பை எடுத்தார். சொம்பின் கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டியிருந்தது. உள்ளே பால்.

நான் அடுப்பின் மேல்பக்கத்தைப் பார்த்தேன். டீ சீக்கிரம் கொதிக்கவேண்டும் என்று அண்ணி கேட்டதால், அடுப்பின் மேல்தகட்டில் வட்டமாக வெட்டி, பாத்திரம் நேராகத் தீயின் மேல் உட்காரும்படி செய்திருந்தேன். மேலிருந்து எது வழிந்தாலும் குடுவைக்குள்தான் விழும். உலையில் எதுவும் பொங்கி வழிவதில்லை. ஆகவே எனக்கு அது தோன்றவே இல்லை. நானும் இதே ஊர்க்காரி. புது வீட்டுக்குப் போனாலும் புது அடுப்பு வைத்தாலும் முதலில் பால் பொங்கவேண்டும் என்று தெரிந்தே வளர்ந்தவள். அப்படியும் தோன்றவில்லை.

"பால் காய்ச்சுங்க. பொங்க விடாதீங்க," என்றேன்.

"பொங்காம எறக்கினா அது என்னா அடுப்பு?" என்றார் அண்ணி.

அண்ணன் அண்ணி பக்கம். அதுவரை வாயைத் திறக்காத தலைவரும், "புது அடுப்பும்மா. பால் பொங்காம எப்படி?" என்றார். மூன்று பேருக்கு எதிராக நான் ஒருத்தி. கம்பெனியாக இருந்தால் கத்தியிருப்பேன். அங்கே அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். சரி, ஒரு நுரை விளிம்பைத் தாண்டினதும் உடனே இறக்கிவிட வேண்டும் என்று ஒத்துக்கொண்டேன். அது என் தப்பு. ஒத்துக்கொண்டது நான்தான்.

பால் கிழக்குப் பக்கம் வழிந்தால் நல்லது என்று அண்ணிக்கு ஒரு நம்பிக்கை. வீட்டில் அடுப்பு நகராது, கிழக்கும் நகராது. அணையில் படகு தன்பாட்டுக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். பால் நுரைத்து மேலே வர வர, கிழக்கு அண்ணியின் முதுகுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அண்ணி பதறிப்போய், "இந்தாண்டத் திருப்புங்க, இந்தாண்ட," என்றார். அண்ணன் இருந்த பலத்தையெல்லாம் போட்டுத் துடுப்பை ஒரு இழு இழுத்தார். படகு துள்ளியது. சொம்பு சாய்ந்தது. பால் கிழக்கு, மேற்கு என்று பார்க்காமல் மொத்தமாகக் குடுவைக்குள் இறங்கியது.

தீ அணைந்தது.

அண்ணன் நல்ல மனிதர். அடுப்பு அணைந்தால் என்ன செய்வார்கள்? வீட்டில் செய்கிறதைத்தான் செய்தார். சட்டைப்பையிலிருந்து லைட்டரை எடுத்துக் குனிந்தார்.

நான் அவர் கையில் ஓங்கி ஒன்று வைத்தேன். லைட்டர் தண்ணீரில் விழுந்தது. என்னைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்ட அண்ணன் அவர். வாழ்க்கையில் முதல் தடவை அவரை அடித்தேன்.

"வால்வு," என்றேன். அண்ணியின் இடதுகை அதற்கு முன்பே அதை மூடியிருந்தது. நான் தொட்டி வால்வை மூடினேன். "தலைவரே, அந்தப் பீடிய உள்ள வெய்யுங்க. யாரும் எதையும் பத்தவெக்கக் கூடாது."

தீ அணைந்தாலும் எண்ணெய் நிற்காது. குடுவை கொதித்துக்கொண்டிருக்கும். அதில் விழுகிற டீசல் வெள்ளைப் புகையாக எழும்பும். அந்தப் புகையில் லைட்டரைக் காட்டினால் டீசலின் பொறுமை முடிந்துவிடும், முகத்தோடுதான் பற்றும். குழாயிலிருந்தும் குடுவையிலிருந்தும் அந்த வெள்ளைப் புகை வந்துகொண்டிருந்தது. எரிந்த பாலும் டீசலும் கலந்த நாற்றம். எவ்வளவு நேரம் என்று தலைவர் கேட்டார். கை வைக்கிற சூட்டுக்கு ஆறும்வரை என்றேன். கரைக்குப் போய்விடலாமா என்று அண்ணன் கேட்டார். வேண்டாம், துடுப்புப் போட்டால் ஆடும், அப்படியே இருங்கள் என்றேன்.

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அண்ணி காலியான சொம்பை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த ஒரு தரம் முடிந்துவிட்டது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எல்லோர்மேலும் கோபமாக இருந்தேன். அண்ணன்மேல், பால்மேல், கிழக்குமேல். எல்லாவற்றையும்விட வட்டமாக வெட்டின என் கைமேல்.

புகை நின்றதும் தலைவர்தான் பேசினார்.

"அன்னைக்கு எரிஞ்ச படகுல நானும் இருந்தேன், தெரியுமா?"

தெரியாது. அண்ணனுக்கே தெரியாது. குதித்தவர்களில் தானும் ஒருவர் என்று தலைவர் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை.

"ஸ்டவ் வெடிக்கல. அது சும்மா ஊருக்குச் சொன்னது. அணைஞ்சுது. சூடா இருக்கறப்பவே திருப்பிப் பத்தவெச்சேன்." என் கையைப் பார்த்தார். "பக்கத்துல இந்த மாதிரி கையில அடிக்கறதுக்கு ஒரு ஆள் இல்ல."

அண்ணன் கையைத் தடவிக்கொண்டு, "பலமாத்தான் அடிச்சுது," என்றார். தலைவர் முதலில் சிரித்தார். பிறகு அண்ணி. எனக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

குடுவை ஆறிவிட்டது. பழந்துணியால் எண்ணெயையும் பாலையும் ஒரு சொட்டு விடாமல் ஒற்றி எடுத்தேன். அந்தத் துணியை மூடி போட்ட தகர டப்பாவில் அடைத்தேன். துளைகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தேன். தலைவர் முன்பக்கத்திலிருந்து நகர்ந்து வந்து எல்லாவற்றையும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். அண்ணியிடம், அணைந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். அண்ணி எண்ணி எண்ணிச் சொன்னார்: இந்த வால்வு, அந்த வால்வு, ஆறுகிற வரைக்கும் உட்காருவது, துடைப்பது, பிறகுதான் நெருப்பு. அவசரப்படுகிற ஆள் வந்து கேட்டால்? "அவுரு டீ குடிக்கத் தேவையில்ல," என்றார் அண்ணி.

"பத்தவெய்யி," என்றார் தலைவர் என்னைப் பார்த்து.

இரண்டாவது தடவையும் அதே நீலம், அதே வெள்ளை. கேனில் மீதியிருந்த பாலில் அண்ணி டீ போட்டார். தலைவர் ஊதி ஊதிக் குடித்துவிட்டு, மேலே ஓட்டை இல்லாமல் செய்துகொண்டு வா, அதற்குப் பிறகு என்னைக் கேட்கவேண்டாம் என்றார். இன்னொரு டீயும் கேட்டார்.

அடுத்த விடுமுறைக்குள் மேல்தகட்டை முழுசாக மாற்றினேன். ஓட்டை இல்லை. டீ கொதிக்க ஐந்து நிமிடம் அதிகமாகும், ஆகட்டும். பாத்திரம் நழுவாமல் சுற்றிலும் இரண்டு விரல் உயரத்துக்குக் கம்பிவேலி. வேலிக்குள் எது வழிந்தாலும் ஒரு சின்னப் பள்ளத்தில் ஓடி, குழாய் வழியாகக் கீழே ஒரு டப்பாவில் விழும். லேத் பட்டறைக்காரர் இந்தத் தடவை வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்கவில்லை. பொங்குகிறதுக்கு வேலி போட்டவர் நீங்கள்தான் மேடம் என்று மட்டும் சொன்னார். பாராட்டா கேலியா என்று தெரியவில்லை. பாராட்டு என்றே வைத்துக்கொண்டேன்.

வியாபாரம் ஆரம்பித்த அன்று நான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். இன்னும் விடிந்தும் விடியாத நேரம். பனியில் ஒன்றும் தெரியவில்லை. அண்ணி ஒரு கரண்டியை எடுத்துப் பாத்திர மூடியில் இரண்டு தட்டு தட்டினார். பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு இருமல் வந்தது, பிறகு ஒரு பரிசல் வந்தது. பிறகு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கணக்கில்லை. தமிழில் ஒருத்தர் ஸ்ட்ராங்காகக் கேட்டார், தெலுங்கில் ஒருத்தர் சர்க்கரை கம்மியாகக் கேட்டார். அண்ணி அந்தந்த பாஷையிலேயே திட்டி, அந்தந்த ஆளுக்கு அவரவர் டீயைக் கொடுத்தார். ஏழரை மணிக்குப் பால் தீர்ந்துவிட்டது. நாளைக்கு இரண்டு பங்கு வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லும்போது அண்ணியின் குரல் கேன்டீனில் இருந்த காலத்துக் குரலாக இருந்தது.

டீ இல்லை என்று சொன்னபிறகும் பரிசல்கள் போகவில்லை. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு படகைச் சுற்றி நின்றன. என்னவென்று பார்த்தேன். ஒவ்வொருத்தராக எழுந்து, ஈர வலை இழுத்து வெளுத்துப்போன கையைப் புகைக்குழாயின் பக்கம் நீட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள். தலைவரும் நின்றார்.

"தொடாதீங்க, சுட்டுரும்," என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். ஒருத்தரும் கையை எடுக்கவில்லை.